வீட்டில் இருக்கும் பழைய ட்ராலி ஜாக் தூக்கி வைத்தால் மெல்ல இறங்குகிறது. சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

சென்னை மடிப்பாக்கத்தில் வீடு, ஸ்விஃப்ட் கார், அப்பா வாங்கி வைத்த 2 டன் ட்ராலி ஜாக், அதாவது சக்கரங்களில் உருண்டு காரின் அடியில் போய், கைப்பிடியைப் பம்ப் அடித்தால் காரைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கார் நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கியது, அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வேலையும் டயர் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது அளவில்தான். தண்ணீரில் மூழ்கிய ஜாக் என்பதால் என் பதில் புதிது வாங்குங்கள் என்பதே. ஆனாலும் பத்து நிமிடம் செலவழித்துப் பழையதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதனால் கெட்டது என்று தெரிந்தால் புதியதை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் தெரியும்.

ஜாக்கை முழுக்க இறக்கி, ஆயில் ஊற்றும் ரப்பர் மூடியைத் திறந்து ஒரு குச்சி விட்டு எடுங்கள். ஆயில் தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அடுத்து, காரின் அடியில் வைக்காமல் வெறுமனே பம்ப் அடித்து ஜாக்கை மேலே ஏற்றுங்கள். வெளியே வரும் பிஸ்டனைத் துணியால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நங்கநல்லூரில் நான் கார் விடும் மெக்கானிக் அண்ணன் எல்லா ஜாக்கையும் இப்படித்தான் சோதிப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. எங்காவது மாட்டினால் அங்கே துரு குழி போட்டிருக்கிறது. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டாலும் அந்தக் குழி அதைக் கிழித்துவிடும். அந்த ஜாக்குக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

பிஸ்டன் வழவழப்பாக இருந்து, ஆயிலும் தெளிவாக இருந்தால் கோளாறு சின்னது. பம்ப் அடிக்கும்போது கைப்பிடி மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று. ஜாக்கை இறக்கத் திருகும் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை பம்ப் அடித்தால் காற்று வெளியேறிவிடும். ஆயில் குறைந்திருந்தால் ஜாக் இறங்கிய நிலையில் மட்டுமே ஊற்றுங்கள். ஏறிய நிலையில் நிரப்பினால் இறக்கும்போது பொங்கி வழியும். ஊற்ற வேண்டியது ஜாக்குக்கான ஹைட்ராலிக் ஆயில். சிலர் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றுவார்கள். ஜாக்கின் ரப்பர் சீல்கள் மினரல் ஆயில் வகையான ஜாக் ஆயிலுக்கென்று செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் ஊறி உப்பி வீணாகிவிடும். இவ்வளவு செய்தும் இறங்கினால் ரிலீஸ் வால்வில் உருண்டை உட்காரும் இடத்தில் தூசு இருக்கலாம், அல்லது சீல் போயிருக்கலாம். அதை ஜாக் சர்வீஸ் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது. வீட்டில் பிரிப்பவர்கள் சில சமயம், அளவுக்கு மீறிய பாரத்தைத் தூக்கவிடாமல் தடுக்கும் ஓவர்லோடு வால்வின் திருகையும் சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். அப்புறம் அந்த ஜாக் எவ்வளவு பாரத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, புதிது வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கடைக்காரர் முதலில் டன் கணக்கைத்தான் சொல்வார். உங்கள் காருக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ. இன்ஜின் முன்னால் இருப்பதால் ஏறக்குறைய அறுபது சதவீத எடை முன்பக்கம். முன்பக்கம் முழுவதையும் ஒரே ஜாக்கில் தூக்கினாலும் 550 கிலோவைச் சுற்றித்தான் வரும். 2 டன் தாராளம். 3 டன் ஜாக்கில் கூடுதலாகக் கிடைப்பது நீளமான சட்டம், அகலமான சக்கரம், அதிக உயரம், நீண்ட கைப்பிடி. அதனால் காரிலிருந்து தள்ளி நின்று அழுத்தலாம். வீட்டில் இன்னோவா மாதிரி வண்டியும் இருந்தால் அதையே வாங்குங்கள். சிறிய 2 டன் ஜாக்குகள் பல 35 செ.மீ. அளவோடு நின்றுவிடும். உயரமான வண்டியில் ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழே தொங்குவதால், அந்த உயரத்துக்கு டயர் தரையை விட்டு எழும்பவே எழும்பாது. உடனே ஜாக்கின் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து உயரம் சேர்ப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கட்டை சாய்ந்தாலும் பிளந்தாலும் கார் மொத்தமாக விழும்.

குறைந்தபட்ச உயரத்தையும் கேளுங்கள். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் அடிக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ., சாதாரண 2 டன் ஜாக் படுத்த நிலையில் 130, 135 மி.மீ. இருக்கும். டயரில் காற்று இருக்கும்வரை சுலபமாக நுழையும். பஞ்சரான டயரோடு நிற்கும் காருக்கு இந்தக் கணக்கு செல்லாது. 165/80 அளவு டயரில் பக்கச்சுவரின் உயரமே 132 மி.மீ. காற்று முழுக்க இறங்கினால் அதில் பெரும்பகுதி அமுங்கி, அந்தப் பக்கம் கதவுக்குக் கீழே சாதாரண ஜாக் நுழையாமல் போகலாம். தாழ்வாக நுழையும் ஜாக் 8, 9 செ.மீ. உயரத்தில் கிடைக்கிறது. அது வேண்டாம் என்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணி குத்திய டயர் ஜாக் நுழையும் அளவுக்காவது எழும்பிவிடும்.

இனி நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது, உங்கள் வீட்டுத் தரை. ட்ராலி ஜாக்கில் காரைத் தூக்கும் இரும்புக் கை பின்பக்கத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறது. அது மேலே ஏறும்போது நேராக ஏறாது, வில் வளைவாகக் கைப்பிடியை நோக்கிப் பின்வாங்கும். அதை ஈடுகட்ட ஜாக் தன் சக்கரங்களில் உருண்டு காரின் அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். சிமெண்ட் தரையில் இது தானாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. சென்னையில் இப்போது பல வீடுகளில் பேவர் பிளாக், சிலவற்றில் டைல்ஸ், சில பழைய வீடுகளில் மணல். தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் ஒருநாள் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேவர் பிளாக் இடுக்கில் ஜாக்கின் முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. பம்ப் அடிக்க அடிக்க, ஜாக்கின் கப், அதாவது காரைத் தாங்கும் வட்டத் தட்டு, காரின் விளிம்புத் தகட்டை உரசிக்கொண்டே வெளிப்பக்கம் நகர்ந்தது. பெயிண்ட் பெயர்ந்து ஒரு அங்குல நீளத்துக்கு வெள்ளிக்கோடு. சித்தப்பா அதைப் பார்த்ததும் உடனே இறக்கிவிட்டார். இன்னும் நாலு முறை பம்ப் அடித்திருந்தால் கப் நழுவியிருக்கும்.

இதற்கு வழி எளிது. ஜாக்கின் நாலு சக்கரமும் உள்ளே அடங்கி, உருளவும் இடம் இருக்கும் அளவில் முக்கால் இஞ்ச் பிளைவுட் ஒன்று வெட்டி வாங்குங்கள். மேலே மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை அடித்துவிட்டால் இன்னும் நன்றாக உருளும். டைல்ஸும் உடையாது. பலகையின் உயரத்தையும் குறைந்தபட்ச உயரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் தண்ணீர் வடிவதற்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். இருப்பதில் சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்விஃப்டில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், கியர் முன்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட்பிரேக்கை நம்ப முடியாது, முன்பக்கத்தைத் தூக்கினால் கியரை நம்ப முடியாது. எந்தப் பக்கம் தூக்கினாலும் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.

கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே உள்ள இடம்தான் ஜாக் வைக்கும் இடம். இரும்புக் கப் நேராகப் பட்டால் மடிப்பு வளைந்து, பெயிண்ட் போய், நம் ஊர் உப்புக்காற்றில் துரு ஏறும். நடுவில் பள்ளம் போட்ட ரப்பர் பேட் மலிவாகக் கிடைக்கிறது. ஜாக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

தூக்கிய காரை அப்படியே தாங்கி நிற்கும் இரும்புக் கால்களான ஜாக் ஸ்டாண்ட் இரண்டு இல்லாமல் கடையை விட்டு வராதீர்கள். உங்கள் ஜாக் எப்படி மெல்ல இறங்குகிறதோ, புது ஜாக்கிலும் ஒரு சீல் கிழிந்தால் அப்படித்தான் இறங்கும், சில சமயம் மெல்ல இல்லாமல் ஒரேயடியாகவும் இறங்கிவிடலாம். பம்பரைத் தாண்டிக் கையோ தலையோ உள்ளே போகும் எந்த வேலையும் ஸ்டாண்ட் மேல் கார் உட்கார்ந்த பிறகுதான். ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரம் பெரும்பாலும் 27, 28 செ.மீ.; ஜாக் அதைவிடச் சற்று மேலே தூக்கினால்தான் ஸ்டாண்ட் உள்ளே போகும். பல் வைத்த ராட்செட் ஸ்டாண்ட், துளையில் முள் சொருகும் ஸ்டாண்ட் என்று இரண்டு வகை உண்டு. 2020-இல் அமெரிக்காவில் கருவிகள் விற்கும் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தன் ராட்செட் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. பல் சரியாகக் கவ்வாமல் பாரத்தோடு திடீரென்று இறங்கும் அபாயம் இருந்ததுதான் காரணம். எல்லா ராட்செட்டும் மோசம் என்று சொல்லவில்லை. நான் முள் சொருகும் வகையைத்தான் வைத்திருக்கிறேன். கெட்டியான ஒரு கம்பி குறுக்கே நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்டாண்டை வைத்தபிறகு காரை இடுப்பால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு அடியில் போங்கள்.

வாங்க, கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போங்கள், அல்லது பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகள். ஆன்லைனில் விலை சற்றுக் குறையலாம், ஆனால் இந்தப் பொருளைக் கையால் அசைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கப் ஆடுகிறதா, வெல்டிங் தொடர்ச்சியாக இருக்கிறதா, ரிலீஸைக் கொஞ்சம் திருகினால் மெதுவாக இறங்குகிறதா, பொத்தென்று விழுகிறதா என்று பாருங்கள். சீல் கிட் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய ஜாக் பாதி விலைக்குக் கிடைக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் பிரிக்கப்படும் இடம் அது. உங்கள் வீட்டு ஜாக்கைப் போலவே தண்ணீரில் மூழ்கிய இன்னொன்று அங்கே காத்திருக்கலாம்.

வாங்கியதும் எப்போதும் முழுக்க இறக்கியே வையுங்கள். பிஸ்டன் உள்ளே ஆயிலில் இருந்தால் உப்புக்காற்று அதைத் தொடாது. மழைக்காலத்துக்கு முன் தரையிலிருந்து எடுத்து ஒரு ஷெல்ஃபில் ஏற்றிவிடுங்கள். பழையதை எடைக்குப் போடும்போது ஆயிலை ஒரு கேனில் வடித்து உங்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள், மழைநீர்க் கால்வாயில் ஊற்ற வேண்டாம். கைப்பிடியைத் தனியே கழற்றி, ஜாக்கின் மேல் பெயிண்டால் ‘ரிப்பேர்’ என்று எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அது வேறொருவர் காரின் அடியில் போய் உட்காரும்.