பெட்ரோலுக்கு ஐசியைச் செருகினால் அரசாங்கத்துக்கு என்னென்ன தெரியும்?

கேள்வி: செந்தூலில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பெட்ரோல் போட ஐசி (அடையாள அட்டை) கேட்கிறார்கள், அரசாங்கம் தரும் சாரா உதவிப் பணத்தில் அரிசி வாங்கவும் ஐசி. கைப்பேசி நிறுவனங்கள் நாம் போகும் இடங்களையெல்லாம் அரசாங்கத்திடம் கொடுக்கின்றன என்று மகன் பயமுறுத்துகிறான். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி? நான் என்ன செய்யட்டும்? – வாசகி, கோலாலம்பூர்

பதில்: அம்மா, மகன் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெட்ரோல்.

2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற மானியத் திட்டம் தொடங்கியபோது, ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்றார்கள். வாங்குபவர் மலேசியராக இருக்க வேண்டும், 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். நீங்கள் ஐசியைச் செருகி நிற்கும் அந்தச் சில நொடிகளில் சரிபார்க்கப்படுவது இவ்வளவுதான். ஆனால் அதற்குப் பதிவிலாகாவின் விவரமும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவின் விவரமும் ஓரிடத்தில் சந்தித்தாக வேண்டும். தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் என்று வரம்பும் வைத்தார்கள். வரம்பு என்று வந்துவிட்டால் கணக்கு எழுதாமல் முடியுமா? ஆக, நீங்கள் என்றைக்கு எத்தனை லிட்டர் போட்டீர்கள் என்பது எங்கோ பதிவாகிறது. சாராவும் இப்படித்தான். குறிப்பிட்ட வகைப் பொருள்களுக்கு மட்டுமே அந்தப் பணம் செல்லும் என்பதால், நீங்கள் எடுத்தது அரிசியா வேறு ஏதாவதா என்று கவுண்டரில் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். இதில் சதி எதுவும் இல்லை, மளிகைக்கடைக் கடன் நோட்டு மாதிரிதான்.

கவனிக்க வேண்டியது இந்த விவரங்களைச் சேர்த்துக் கட்டுவதை. கூடையில் கிடக்கும்வரை அவை உதிரிப்பூ. ஒரு நார் கிடைத்தால் சரமாகிவிடும். நம் ஊரில் அந்த நார், 12 இலக்க ஐசி எண். அது கொஞ்சம் வாயாடி எண் வேறு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (14 என்றால் கோலாலம்பூர், 07 பினாங்கு, 08 பேராக்), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வங்கி, கிளினிக், பள்ளி, கார் கடன் எல்லாவற்றிலும் அதே எண். இப்படி அங்கங்கே கிடக்கும் விவரங்களை இணைத்து, மனிதக் கண்ணுக்குத் தெரியாத வடிவங்களைத் தேடுவதைத்தான் தரவு அகழ்வு என்கிறார்கள். 2024 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய, மக்களின் விவரங்களை ஓரிடத்தில் சேர்க்கும் 'பாடு' என்ற அரசாங்கத் தரவுத் தளத்தின் நோக்கமும் இந்த இணைப்புதான்: உதவித்தொகை யாருக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடிப்பது. நியாயமான நோக்கம். ஆனால் தொடங்கிய வேகத்திலேயே, ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அடுத்தவர் பெயரில் பதிவு செய்துவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்ட, அவசரமாகச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இப்போது மகனின் கைப்பேசிக் கதை. தொடர்பு பல்லூடக ஆணையம் 2025-இன் முதல் மூன்று மாதப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்களிடம் கேட்டது உண்மை. அந்த ஜூன் மாதம் செய்தி வெளியே வந்தது. பெயரோ ஃபோன் நம்பரோ அதில் இல்லை, சுற்றுலா போன்ற துறைகளின் புள்ளிவிவரத்துக்காகத்தான் என்று ஆணையம் விளக்கியது. நான் சொன்ன திருத்தம் இதுதான். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுகிறாரா? 2013-இல் வந்த ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் பெயரில்லாத கைப்பேசிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு இடங்கள் தெரிந்தால் போதும், 95 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்துவிட முடிந்தது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு செந்தூலில் ஒரு தெரு, பகலில் கடை, வெள்ளி மாலை கோயில், மாதம் ஒருமுறை ஈப்போவில் அக்கா வீடு. இந்த நான்கும் பொருந்துகிற இன்னொருவர் கோலாலம்பூரில் இருப்பாரா?

சரி, பாதுகாப்புக்காகத்தானே என்று கேட்பீர்கள். ஒருவர் மேல் சந்தேகம் வந்தபின் அவரைக் கவனிப்பது ஒரு வேலை. அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 252-ஆம் பிரிவும், சொஸ்மா எனப்படும் 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும் அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அனுமதியோடு ஒட்டுக்கேட்க வழி விடுகின்றன. அந்த அனுமதியை ஒரு நீதிபதி தர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அந்த அதிகாரமே கூடாது என்று சொல்ல மாட்டேன், குண்டு வைப்பவனைப் பிடிக்கத்தானே போலீஸ்.

யார் மேலும் சந்தேகம் இல்லாமல் எல்லாருடைய பதிவுகளையும் சல்லடையில் போடுவது வேறு வேலை. இதில்தான் உங்கள் வீட்டுக்காரரோடு எனக்குப் பிணக்கு. மலேசியாவில் ஏறக்குறைய 3 கோடியே 40 லட்சம் பேர். ஒரு கணினி நிரல் அப்பாவிகளில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாகக் குறிக்கிறது என்று வையுங்கள். கேட்க நல்ல நிரலாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் 3 லட்சத்து 40 ஆயிரம் பேர் சந்தேகப் பட்டியலில். உண்மையான குற்றவாளிகள் நூறு பேர் என்றாலும் அந்தக் குவியலில் அவர்கள் வைக்கோற்போரில் ஊசி. குவியல் முழுக்க நிற்பவர்கள், உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்தத் தப்பு செய்யாதவர்கள்தான்.

சட்டம் நமக்குத் துணை நிற்குமா? 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டமோ மத்திய அரசு இலாகாக்கள் தங்களுக்குள் விவரம் பரிமாறிக்கொள்ள வழி செய்கிறது. நமக்கு இருக்கும் பிடி நீதிமன்றம்தான். 2010-இல் சிவராசா ராசையா வழக்கில், அரசமைப்பின் 5-ஆம் விதி சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2022-இல் கெந்திங் நிறுவனத்தின் உறுப்பினர் அட்டை வைத்திருப்போரின் விவரங்களை வருமான வரி வாரியம் மொத்தமாகக் கேட்டபோது, உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. மானியப் பெட்ரோலை விட்டுவிடாதீர்கள், அதனால் உங்கள் பணம்தான் போகும். உங்களைப் போன்றவர்களுக்கு வேவு பார்க்கப்படுவதைவிடத் தப்பான பதிவால் வரும் தொல்லைதான் அதிகம். விற்றும் பெயர் மாற்றாத பழைய கார், மாறிப்போன வீட்டு முகவரி, மகனின் சம்பளம் இவற்றைச் சரியாக வைத்திருங்கள். உதவி மறுக்கப்பட்டால் எந்த விவரத்தின் பேரில் என்று கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.

நிறுவனங்களிடம் துணிந்து கேட்கலாம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தால் 21 நாளில் பதில் வர வேண்டும். சாதாரண விவரத்தின் நகலுக்கு அதிகபட்சம் 10 வெள்ளிதான் வாங்கலாம்.

அப்புறம் கொண்டோ வாசல். நான் 20 ஆண்டாகத் தரவுத்தளங்களோடு குடும்பம் நடத்துகிறவன். ஆனாலும் ஒருநாள் நண்பரைப் பார்க்கப் போன இடத்தில் ஜாகாவிடம் (வாசல் காவலாளியிடம்) ஐசியைக் கொடுத்துவிட்டு, வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தேன். திரும்பப் போனபோது மேசை மேல் நீள நோட்டு திறந்தே கிடந்தது, பேனா நூலில் தொங்கியது. காலையிலிருந்து வந்தவர்களின் பெயர், ஐசி எண், கார் எண், ஃபோன் நம்பர் எல்லாம் வரிசையாக. படம் எடுக்க ஒரு நொடி போதும். ஐசியை வாங்கி வைத்துக்கொள்ள ஜாகாவுக்கு அதிகாரம் இல்லை. லைசென்ஸைக் காட்டுங்கள், கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். நகல் கேட்டால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, எந்தத் தேதி என்று நடுவில் எழுதிக் கொடுங்கள்.

2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. உங்களுடையதும் அதில் இருந்திருக்கலாம். அதனால் யாராவது அழைத்து, போலீஸ் பேசுகிறோம் என்று உங்கள் ஐசி எண்ணை மளமளவென்று ஒப்பித்தால் அசந்துவிடாதீர்கள். ஃபோனை வைத்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் உடனே அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.