காதுக் கோளாறால் வரும் தலைசுற்றலுக்குப் பயிற்சி செய்தால் சுற்றல் கூடுகிறதே, நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். டாக்டர் பார்த்து, உள்காதுக் கோளாறுதான் என்று சொல்லித்தான் உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியை. ஆனால் ஏழு மாதம் இதில் கிடந்து எழுந்தவள்.

ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் அறையே ராட்டினமாகச் சுழன்றது. மூன்று நாள் ஓயாத வாந்தி. வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ், வலது காதிலிருந்து மூளைக்குப் போகிற சமநிலை நரம்பில் அழற்சி என்றார்கள். சுற்றலை அடக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அது முதல் சில நாளுக்குத்தான், தொடர்ந்து போட்டால் மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்வதே தாமதமாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாலு மாதம் விழுங்கினேன். அடுப்படிக்குப் போவதென்றாலும் சுவரைத் தடவிக்கொண்டுதான்.

அப்புறம் வேறொரு ஈ.என்.டி. டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண், காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் 'அ' எழுதி, பீரோ கதவில் கண் மட்டத்துக்கு ஒட்டச் சொன்னாள். பார்வையை அதில் வைத்தபடி தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். முதல் நாள் பத்து விநாடிகூட முடியவில்லை, 'அ'வின் சுழி இழுபட்டு ஓடியது, குமட்டியது, அழுதுவிட்டேன். தலை ஒரு பக்கம் திரும்பினால் கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும், உங்களுக்கு ஒரு காது தலை திரும்பிய அளவை மூளைக்குக் குறைத்துச் சொல்வதால் கண் பிந்துகிறது, அந்தப் பிசகு தெரிந்தால்தான் மூளை அதைத் திருத்தும் என்றாள். 1940களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் தலையில் அடிபட்ட ராணுவ வீரர்களுக்கு வகுத்த பயிற்சிகளுக்கும் இதே அடிப்படைதானாம்.

எனக்குச் சொன்ன அளவு ஒரு நிமிஷம், நாளைக்கு ஐந்து தடவை. சுற்றல் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அடங்கினால் சரி, மணிக்கணக்கில் நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆறு வாரத்தில் சுவரை விட்டேன்.

படுக்க வைத்துத் தலையைத் திருப்பும் எப்லி என்ற முறையைச் செய்தால் ஒரே நாளில் போய்விடுமே என்று யாராவது வருவார்கள். அது காதுக்குள் துகள் இடம் மாறியதால் வரும் சுற்றலுக்கு, இது வேறு. மற்றபடி இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. மருத்துவ விடுப்பு கேட்டபோது தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும், "நிக்கிறீங்க, பேசுறீங்க, காய்ச்சல்கூட இல்லையே?" என்றார். 23 நாள் சம்பளம் போனது. காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தால் நாற்காலி எடுத்துப் போட்டிருப்பார்கள்.

மெத்தை மேல் நிற்கும் பயிற்சிக்கு வந்துவிட்டீர்களா? சோபா குஷனைச் சுவர் மூலையில் போட்டு, முதுகு மூலைப் பக்கம் இருக்க நில்லுங்கள், முன்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். முதல் வாரம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.