ஹாபிட் படங்கள்: நாவலைப் படித்தவர்களுக்குப் பிடிக்குமா?

‘தி ஹாபிட்’ படங்கள் மூன்றையும் பற்றி உங்கள் கருத்து என்ன, நாவலைப் படித்தவர்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாவலை ஐந்தாறு முறை படித்தவன் நான். முதல் படத்தையும் ஏறக்குறைய அத்தனை முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவதை இரண்டு முறை, மூன்றாவதை ஒரே ஒரு முறை.

நாவல் 1937இல் வந்தது. டோல்கீன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை, 19 அத்தியாயங்கள், விரைவில் படித்து முடித்துவிடலாம். படங்கள் 2012, 2013, 2014 என்று ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. மூன்றையும் சேர்த்தால் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். இரண்டு படங்களாகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். முதல் படம் வெளிவரச் சில மாதங்களே இருந்தபோது, 2012 ஜூலையில், மூன்றாக்கப்போவதாக இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அறிவித்தார். சின்னக் கதையை இப்படி இழுத்ததுதான் எல்லாக் கோளாறுக்கும் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு நீளம் ஒரு குறையே இல்லை. இது பில்போவின் கதை. அந்தப் பில்போவைப் படம் பாதி நேரம் மறந்துவிடுகிறது. என் வருத்தம் அதுதான்.

பில்போ பேகின்ஸ் ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்தவர், வீரன் இல்லை. நம் இடுப்பளவு உயரம்கூட இருக்கமாட்டார், ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனாலே தவித்துப்போவார். அப்படிப்பட்ட ஒருவரைப் பதின்மூன்று குள்ளர்கள், தங்கள் தங்கத்தைப் பறித்துக்கொண்ட ஒரு டிராகனிடம் அழைத்துப் போகிறார்கள் என்பதுதான் கதையின் உயிர்.

பீப்பாய்க் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில், காட்டில் வாழும் எல்ஃப் இனத்து அரசனின் சிறையிலிருந்து குள்ளர்களைத் தப்புவிக்க, அவர்களைக் காலிப் பீப்பாய்களுக்குள் வைக்கோல் அடைத்து மூடி, ஆற்றில் போகவிடுகிறார் பில்போ. எல்லோரையும் மூடி முடித்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது, தன்னை வைத்து மூட ஆள் இல்லை என்று. குளிர்ந்த தண்ணீரில் ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போகிறார். ஊர் போய்ச் சேர்ந்ததும் மூன்று நாள் கடும் ஜலதோஷம். விருந்தில் நன்றி சொல்ல வாய் திறந்தால் மூக்கடைப்பில் சொற்கள் குழறுகின்றன. உலகத்தையே புரட்டும் ஒரு பயணத்தில் ஜலதோஷத்துக்கும் இடம் கொடுத்தாரே டோல்கீன், அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

படத்தில் பீப்பாய்களுக்கு மூடியே இல்லை. துரத்தி வரும் ஓர்க் என்ற அரக்கர்கள், நாவலில் எங்கும் வராத லெகோலஸ் என்ற எல்ஃப் வீரன் குள்ளர்களின் தலைமேல் கால் வைத்துத் தாவுவது, கரையேறி உருண்டு எதிரிகளை நசுக்கும் ஒரு பீப்பாய் என்று காட்சி பறக்கிறது. திறமையாக எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை ஆர்ப்பாட்டத்திலும் யாருக்கும் அடிபடும் என்ற பயம் எனக்கு வரவில்லை. பயம் போய்விட்டால் பில்போவின் துணிச்சலுக்கு என்ன மதிப்பு?

சரி, அப்புறம் ஏன் முதல் படத்தை இத்தனை முறை பார்த்தேன்? விடுகதைக் காட்சிக்காக. படப்பிடிப்பில் முதலில் எடுத்ததே இதைத்தான். ஒரு குகை, ஓர் ஏரி, இரண்டே பேர். விடுகதைப் போட்டியில் தோற்றால் பில்போவைத் தின்றுவிடுவான், அந்தக் குகையில் வாழும் விநோதப் பிறவியான கோல்லம், ஜெயித்தால் வெளியே போக வழி காட்டுவான். கோல்லமாக நடிக்கும் ஆண்டி செர்கிஸ் ஒரே முகத்தில் குழந்தையையும் கொலைகாரனையும் மாறிமாறிக் கொண்டுவருகிறார். கடைசியில், கோல்லம் தொலைத்த மாய மோதிரத்தை அணிந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ வாளைக் கோல்லத்தின் கழுத்துக்கு நேராக ஓங்குகிறார். தன் மோதிரத்தைத் தொலைத்துவிட்டுக் கலங்கி நிற்கிற அந்தப் பெரிய கண்களைக் கேமரா காட்டுகிறது. பில்போவாக நடிக்கும் மார்ட்டின் ஃப்ரீமேன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முகத்தில் இருந்த கடுமை கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது, வாள் தாழ்கிறது. நாவலில் ஒரு பத்தியில் வரும் இரக்கத்தை ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்.

இந்த அத்தியாயத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1937 பதிப்பில் இது இப்படி இல்லை. அதில் கோல்லம் மோதிரத்தைத்தான் பந்தயப் பரிசாக வைக்கிறான். தோற்ற பிறகு அது கிடைக்கவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்டு, வழி காட்டி அனுப்புகிறான். அடுத்த பெரிய நாவலான ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’இல் அந்த மோதிரம் ஆளையே விழுங்கும் பொருளாக மாறியதால், டோல்கீன் திரும்பி வந்து இதை மாற்றி எழுதினார். 1951 பதிப்பில்தான் இன்று நாம் படிக்கும் வடிவம் வந்தது. எழுதியவரே கை வைத்த கதை இது. அதனால் ‘மூலத்தில் இல்லாததை எப்படிச் சேர்க்கலாம்’ என்ற சண்டைக்கு நான் வரமாட்டேன்.

சேர்த்ததிலும் நல்லது உண்டு. மூன்றாவது படத்தில் தங்கத்தின் மேல் வெறி பிடித்துப்போன குள்ளர் தலைவர் தோரின், பில்போ எதையோ ஒளிக்கிறார் என்று சந்தேகப்பட்டு மிரட்டுகிறார். பில்போ உள்ளங்கையை விரித்தால் ஓர் ஓக் மர விதை. வழியில் அவர்களைத் தங்கவைத்த பேயோர்ன் என்பவரின் தோட்டத்தில் எடுத்தது, வீட்டுக்குப் போய் நடுவதற்காக இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தது. தோரினின் முகத்தில் ஒரு கணம் பழைய சிரிப்பு திரும்புகிறது. நாவலில் இது கிடையாது. ஆனால் நாவலின் மனசு அப்படியே இருக்கிறது.

அதே படத்தின் பெரும்பகுதியை விழுங்கும் போரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் போரின் நடுவிலேயே தலையில் கல் பட்டு மயங்கி விழுகிறார் பில்போ. கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தெரியாமல் தனியாக எழுந்து உட்காருகிறார். முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் இருந்தவர் டோல்கீன். போரை அவர் அப்படி எழுதியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே நாவலைப் படித்தவர் என்றால் முதல் படத்தைத் தயங்காமல் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும். இரண்டாவதில் பில்போ தங்கக் குவியலில் சறுக்கிக்கொண்டே ஸ்மாக் என்ற அந்த டிராகனிடம் பேச்சுக் கொடுக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள். மூன்றாவதில் அந்த ஓக் விதை வரும்வரை பொறுத்திருங்கள். இன்னும் படிக்காதவர் என்றால் புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள், அந்த ஜலதோஷத்துக்காகவாவது.