சூரை மீனும் சுருக்கு வலையும்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

ஹட்டனிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, கடலையே எப்போதாவது பார்க்கிற நமக்குச் சூரை மீனைப் பற்றி என்ன கவலை?

சம்பலுக்கு இடிக்கிற மாசியே சூரைதான் தங்கச்சி, நாம் பலயா என்கிற மீன். சந்தையில் துண்டு போட்டு விற்கிற கெலவல்லாவும் அதே குடும்பம். இந்தியப் பெருங்கடலில் கெலவல்லாவை அளவு மீறிப் பிடித்துவிட்டார்கள் என்று 2015இல் இந்தக் கடலின் சூரை மீன்பிடியை நிர்வகிக்கிற பன்னாட்டு ஆணைக்குழுவின் விஞ்ஞானிகள் சொன்னார்கள். 2024 மதிப்பீட்டில் நிலைமை தேறியிருக்கிறது, நல்ல செய்திதான், ஆனால் பிடிக்கிற முறை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

பண்டாரவளை: அப்படி என்ன முறை அது?

மிதவை. மூங்கிலிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு தெப்பம், அடியில் தொங்குகிற கயிறு, மேலே செய்மதிக் கருவி. நடுக்கடலில் எது மிதந்தாலும் மீன் அதன் நிழலில் கூடும், கீழே எவ்வளவு மீன் நிற்கிறது என்பதைக்கூட அந்தக் கருவி கப்பலுக்குச் சொல்லிவிடும். கப்பல் வந்து சுருக்கு வலையால் வளைத்து அடியை இறுக்கினால் பலயாவோடு இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத கெலவல்லாக் குஞ்சுகள், சுறா எல்லாம் சேர்ந்து வரும். கைவிட்ட மிதவைகள் பவளப்பாறையில் போய்ச் சிக்கும். எனக்கு ஆத்திரம் வருவது அந்தக் குஞ்சுகளை நினைத்துத்தான்.

தலவாக்கலை: கப்பலில் போய்ப் போராடுகிறவர்களால் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. கிழக்குப் பசிபிக்கில் டொல்பின் கூட்டத்துக்கு அடியிலேயே கெலவல்லா நீந்தும் என்பதால் டொல்பின்களையே வலையால் வளைப்பார்கள். 1987இல் சாம் லபட் என்ற உயிரியலாளர் பனாமாக் கப்பலொன்றில் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டே, வலையில் மூச்சுமுட்டிச் சாகிற டொல்பின்களைப் படம்பிடித்தார். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தது, மக்கள் சூரை டின்னை வாங்க மறுத்தார்கள், 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் மூன்று பெரிய டின்மீன் கம்பெனிகளும் அப்படிப் பிடித்த மீனை இனி எடுக்கமாட்டோம் என்று அறிவித்தன. ஆனால் அதற்கப்புறம் பல கப்பல்கள் மிதவைப் பக்கம் திரும்பின. அதனால்தான் போராட்டமும் அங்கே போனது: 2016இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பல் நம் பெருங்கடலில் மிதவைகளைத் தேடி எடுத்தது, 2017இல் தாய் யூனியன் என்ற டின்மீன் கம்பெனி மிதவைகளைப் பாதியாகக் குறைப்பதாக ஒப்புக்கொண்டது.

பதுளை: அரசாங்கங்கள் சட்டம் போட்டால் முடிந்ததே?

போட்டுப் பார்த்தார்கள். 2023 பெப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் கூடிய அதே சூரை ஆணைக்குழு, வருடத்தில் 72 நாள் மிதவைக்கு ஓய்வு என்று வாக்கெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் வேறு சில நாடுகளும் ஆட்சேபித்தன, தீர்மானம் செல்லாமல் போனது. இதே ஒன்றியம்தான் ஆழ்கடல் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2015 ஜனவரியிலிருந்து 2016 வரை நம் மீனுக்குத் தடை போட்டது. அந்தக் கண்டிப்பு நியாயம், மிதவை வைத்துப் பிடிக்கிற தன் சொந்தக் கப்பலுக்கும் அது வேண்டாமா?

பொகவந்தலாவை: நம் மீனவர்கள் மட்டும் சுத்தமா?

இல்லை. நம் பலநாள் படகுகளின் செவுள் வலையில் டொல்பினும் ஆமையும் சிக்குகின்றன. சிறிய படகு என்பதற்காக அதை நான் மறைக்கமாட்டேன்.

லிந்துலை: அப்போ மாசி சாப்பிடலாமா அண்ணா?

மாலைதீவு மாசியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அங்கே படகின் பின்பக்கம் வரிசையாக நின்று, உயிருள்ள பொடிமீனை வீசி, தண்ணீரைத் தூவி, கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாக இழுக்கிறார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது, இழுத்த வேகத்தில் மீன் தானாகவே கழன்று தளத்தில் விழும். ஆமை சிக்காது, கூலியும் நிறையப் பேருக்குப் போகிறது.

நுவரெலியா, உயர்தர மாணவி: டின்னில் டொல்பின் படம் இருந்தால் போதுமா சேர்?

போதாது மகள். தேயிலைப் பாக்கட்டில் முத்திரை இருப்பதால் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குச் சம்பளம் கூடிவிடுவதில்லையே, அதே மாதிரித்தான். டொல்பினை வளைக்கவில்லை என்பதை மட்டும் அந்தப் படம் சொல்லும், மிதவையைப் பற்றிச் சொல்லாது. பின்பக்கம் திருப்பி, கம்புத் தூண்டிலில் பிடித்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள், வகுப்பே சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.