போர்க்கைதிகளின் உரிமைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கீழே தனித்துக் குறிப்பிடாத பிரிவு எண்கள் அனைத்தும் 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையைச் சேர்ந்தவை. கேள்வி அனுப்புவோர் எந்த மோதல், எந்த ஆண்டு, இரு தரப்பும் அரசுகளா என்பதைக் குறிப்பிடுமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பிடிபட்ட வீரர் பெயர், பதவி, படை எண் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது என்று சட்டம் தடுக்கிறதா? (போட்டித் தேர்வு மாணவர், நாமக்கல்)

இல்லை. பிறந்த தேதியையும் சேர்த்து நான்கு விவரங்களைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர். அதற்கு மேல் கேட்பதை 17-ஆவது பிரிவு தடுக்கவில்லை; பதிலைப் பெறுவதற்காக அடிப்பதையும் மிரட்டுவதையும், மறுத்தவரை இழிவுபடுத்துவதையும்தான் தடுக்கிறது. அவராக விரும்பிப் பேசினால் அதைத் தட்டிக்கேட்பது அவருடைய சொந்தப் படையின் ஒழுங்கு விதிகளே.

முகாமிலிருந்து தப்பியோடுவது குற்றமில்லையா? (வாசகி, கோவை)

போர்க்கைதி தண்டனைக் கைதி அல்லர். தப்பிச் சென்று தம் படையுடன் சேர்ந்துவிட்டவர் பின்னொரு நாள் மீண்டும் பிடிபட்டாலும், முன்பு தப்பியதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. வழியிலேயே சிக்கினால், எத்தனை முறை முயன்றவராக இருந்தாலும், தப்ப முயன்றதற்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே எடுக்கலாம். அதற்கும் 30 நாள் உச்சவரம்பு உண்டு. ஓடுகிறவரைச் சுடுவது கடைசி வழி, அதுவும் எச்சரித்த பிறகே.

1971 போரில் பாகிஸ்தான் தரப்பினர் 93,000 பேரைப் பிடித்து வைத்திருந்தும், பதிலுக்கு எதுவும் பெறாமல் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம். சிம்லாவில் ஏமாந்தோம் அல்லவா? (ஓய்வுபெற்ற படைவீரர், வேலூர்)

ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நாட்டுக்காகச் சீருடை அணிந்தவரே கேட்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த 93,000-இல் படையினர் அல்லாதவர்களும் குடும்பத்தினரும் அடங்குவர் என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். அடுத்து, அவர்களை விட்டது பெருந்தன்மை அன்று, கடமை. தீவிரச் சண்டை ஓய்ந்ததும் போர்க்கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்பது 118-ஆவது பிரிவு. 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைச் சமாதான ஒப்பந்தத்தோடு பிணைத்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வென்ற நாடுகள் இலட்சக்கணக்கான கைதிகளை ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கியதைப் பார்த்த பிறகுதான், அந்தப் பிணைப்பை 1949-இல் அறுத்தார்கள்.

சண்டை 1971 டிசம்பர் 17-இல் நின்றது. சிம்லா உடன்பாடு கையெழுத்தானது 1972 ஜூலையில். கிழக்கில் சரணடைந்தோரைத் திருப்பி அனுப்ப வழி பிறந்ததோ 1973 ஆகஸ்டின் டெல்லி உடன்பாட்டில்; கடைசிக் குழு எல்லை தாண்டியபோது 1974 ஏப்ரல் ஆகியிருந்தது. ஆகவே எதையும் பெறாமல் உடனே விட்டுவிட்டோம் என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தோம். அவர்கள் இந்திய, வங்கதேசக் கூட்டுத் தலைமையிடம் சரணடைந்தவர்கள், எனவே வங்கதேசத்தின் இசைவின்றி அனுப்ப இயலாது என்று இந்தியா சொன்னது. அரசியலாக அந்த வாதத்துக்குக் கனம் உண்டு, ஆனால் 118-ஆவது பிரிவில் அப்படியொரு நிபந்தனையைத் தேடினால் கிடைக்காது. போர்க்குற்றம் சாட்டப்பட்ட 195 பேரின் நிலை வேறு: குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரை நிறுத்திவைக்க 119-ஆவது பிரிவு இடம் தருகிறது. 1974-இல் மூன்று நாடுகளும் கூடி அந்த விசாரணையைக் கைவிட்டதைக் குறை சொல்லுங்கள், நானும் உடன் வருகிறேன். மற்றவர்களைப் பேரத்துக்கு வைத்திருக்காததைக் குறை சொல்லாதீர்கள்.

எதிர்த்தரப்பும் இதே தவற்றைத்தான் செய்கிறது. 2019 பிப்ரவரி 27-இல் பிடிபட்ட நம் விமானி மார்ச் 1-இல் திரும்பியபோது, பாகிஸ்தான் அதை அமைதிக்கான நல்லெண்ணச் செயல் என்று அறிவித்தது, நம் ஊடகங்களில் சிலவும் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டன. கடமையைச் சலுகையாக ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை அந்தச் சலுகைக்கு விலை கேட்பார்கள். ஈரான்–ஈராக் போர் 1988-இல் ஓய்ந்தது. அதன் கடைசிக் கைதிகள் 2003-இல்தான் வீடு திரும்பினார்கள்.

பிடிபட்ட எதிரி வீரரின் காணொளியைப் பகிர்வது தவறா? தொலைக்காட்சியே காட்டுகிறதே. (வாசகர், திருச்சி)

தொலைக்காட்சி காட்டுவது நியாயமாகிவிடாது. பொதுமக்களின் வேடிக்கைக்குக் கைதியை ஆளாக்காமல் காப்பது 13-ஆவது பிரிவின்படி சிறைப்பிடித்த நாட்டின் பொறுப்பு. நீங்கள் பகிரும்போது அந்த மீறல் நீள்கிறது.

பயங்கரவாதிக்கு எதற்கு ஜெனீவா உரிமை? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த மோதல் என்றும் குறிப்பிடவில்லை. அரசுகளுக்கிடையிலான போரில் பிடிபட்டவரின் தகுதியில் ஐயம் எழுந்தால், உரிய தீர்ப்பாயம் முடிவெடுக்கும்வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும். மற்ற ஆயுத மோதல்களில், நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3-ஆவது பிரிவு குறைந்தபட்சப் பாதுகாப்பைத் தருகிறது. அமெரிக்காவின் குவாண்டனாமோ தடுப்பு முகாமில் இருந்த கைதி ஒருவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2006-இல் இதை ஏற்றது.

2009 மே மாதம் சரணடைந்தவர்கள் போர்க்கைதிகள் இல்லையா? (வாசகி, யாழ்ப்பாணம்)

அம்மா, அது அரசுகளுக்கிடையிலான போர் அல்லாததால், உடன்படிக்கை சொல்லும் போர்க்கைதித் தகுதி அவர்களுக்கு இல்லை. ஆயுதம் ஏந்தியதற்காக அரசு அவர்கள்மீது வழக்குத் தொடர முடியும். ஆனால் ஆயுதத்தைக் கீழே வைத்தவரைக் கொல்வதும் வதைப்பதும் பொதுப் பிரிவு 3-இன்படி முற்றாகத் தடைசெய்யப்பட்டவை. முல்லைத்தீவு வட்டுவாகலில் பிள்ளைகளைப் படையினரிடம் கையளித்ததாகச் சாட்சியம் அளித்த குடும்பங்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பதற்குப் போர்க்கைதி என்ற தகுதி தேவையே இல்லை. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்றிருக்கிறது. கோரிக்கையை அதன் அடிப்படையில் எழுதுங்கள்.

ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட உறவினரிடமிருந்து தகவலே இல்லை. உக்ரைனிடம் பிடிபட்டிருந்தால், இந்தியர் என்பதால் கூலிப்படையாளாகக் கருதுவார்களா? (பெயர், ஊர் தவிர்க்கப்பட்டன)

ஒரு நாட்டின் முறையான படையில் உறுப்பினராக இருப்பவரை, குடியுரிமையைக் காட்டி மட்டும் கூலிப்படையாள் எனத் தள்ள முடியாது. பிடிபட்டவுடன், அல்லது முகாமுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள், குடும்பத்துக்கு ஓர் அட்டை எழுத அவருக்கு உரிமை உண்டு. அதில் தந்தை பெயர், பிறந்த இடம், நலமா, இலேசான காயமா, பலத்த காயமா என்பன அச்சிட்டிருக்கும். பொருந்தாததை அடித்துவிட வேண்டும், கூடுதலாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. அது வந்து சேரும்வரை காத்திருக்காமல், இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கும், ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் தேடல் பிரிவுக்கும் எழுதுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் பேசிய நாள், தெரிந்தால் படைப்பிரிவின் எண் ஆகியவற்றைத் தாருங்கள். மீட்டுத் தருவதாகச் சொல்லும் தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அவர் சீருடையில் இருக்கும் படத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம்.