மல்லி வாடும் முன்பே சென்சார் காட்டிக்கொடுக்குமா?

திருமங்கலம் பக்கம் கரிசலில் அரை ஏக்கர் மல்லி, சொட்டு நீர். செடி வாடும் முன்பே தெரிய என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மண் ஈரத்தை மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும். இலைச் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை) ஒன்று, கெப்பாசிடிவ் ஈர சென்சார் (உலோகம் மண்ணில் படாமல் ஈரம் அளக்கும் பலகை) இரண்டு, இலைச் சூட்டைத் தொடாமல் அளக்க எம்எல்எக்ஸ்90614 சென்சார், காற்றின் சூட்டுக்கு எஸ்எச்டி31 சென்சார் போதும். இரண்டு கம்பி முள் உள்ள மலிவு ஈர சென்சார் வேண்டாம், சீக்கிரம் அரித்துப்போகும். கெப்பாசிடிவ் பலகையின் வெட்டு ஓரங்களிலும் நீர் ஏறும். நகப்பூச்சு இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். ஈர சென்சார் ஒயரை ஈஎஸ்பி32 போர்டில் 32 முதல் 35 வரையுள்ள பின்களில் கொடுங்கள். ஏடிசி2 என்ற இன்னொரு தொகுதிப் பின்கள் வைஃபை ஓடும்போது அளக்காது.

கரிசலில் பெரிய தொல்லை வெடிப்பு. மண் சுருங்கி சென்சாரை விட்டு விலகினால் இடையில் காற்று புகுந்து, "காய்ந்துவிட்டது" என்று பொய் சொல்லும். ஈரம் நாலைந்து நாளில் மெல்ல இறங்காமல் ஒரே நாளில் விழுந்தால் சந்தேகம் வெடிப்பின் மேல்தான். கடப்பாரையால் சாய்வாகக் குழி போட்டு, அதே மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றிச் செருகுங்கள்; ஒன்று 15 செ.மீ., மற்றது 30 செ.மீ. ஆழத்தில். சொட்டுவாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மேலே வைக்கோல் மூடாக்கு போட்டால் வெடிப்பு குறையும்.

அளவீட்டின் இரு எல்லைகளையும் உங்கள் மண்ணிலேயே எடுங்கள். காயவைத்துப் பொடித்த மண்ணில் ஒன்று, நனைத்து இரண்டு நாள் வடியவிட்ட மண்ணில் மற்றொன்று. இந்த சென்சாரில் ஈரம் கூடினால் எண் குறையும், குழம்பவேண்டாம்.

இலை சென்சாரின் பார்வை 90 பாகை. 5 செ.மீ. தூரத்தில் 10 செ.மீ. வட்டத்தைப் பார்க்கும். அதற்குள் மண் தெரிந்தால் மதிய வெயிலில் சுடும் கரிசலைத்தான் அளக்கும். பிவிசி குழாய்த் துண்டால் நிழல் கொடுத்து, வாரம் ஒருமுறை தூசி துடையுங்கள்.

வானம் தெளிந்த நாளில் 12 முதல் 2 மணி வரை மட்டும் இலைச் சூட்டைக் காற்றின் சூட்டோடு ஒப்பிடுங்கள். ஈரமுள்ள செடியின் இலை காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். தண்ணீர் போதாதபோது இலைத்துளைகள் மூடும், சூடு காற்றளவுக்கோ அதற்கு மேலோ ஏறும். இலை சூடாக, மண் காய்ந்து இருந்தால் மோட்டாரைப் போடுங்கள். இலை சூடாக, மண் ஈரமாக இருந்தால் போடாதீர்கள். ஒரு செடியின் வேரைத் தோண்டி, நூற்புழு முடிச்சோ அழுகலோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் மண்ணுக்கும் இலைக்கும் இரண்டு வகை சென்சார்.

வீடு தூரமென்றால், வைஃபை எட்டாத தூரத்துக்கும் ரேடியோ அலையில் தகவல் அனுப்பும் லோரா கருவி வையுங்கள். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். ஆண்டெனா மாட்டாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள், அனுப்பும் பகுதி பழுதாகும். ஒயர்களைப் பழைய சொட்டு நீர்க் குழாய்க்குள் விட்டால் எலியும் கடிக்காது, விடியுமுன் பூப்பறிக்க வருபவர் காலிலும் சிக்காது.

நரம்பு பச்சையாக இருக்க இளந்தளிர் மஞ்சளாவது இரும்புச் சத்துக் குறை. அதை இந்த சென்சார்கள் காட்டாது, கண்தான் பார்க்கவேண்டும். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்துத் தெளிப்பதுதான் வழக்கம். அளவு காய்ந்ததும் ஒலிக்க அலாரம் வைத்திருந்தால், கவாத்துக்காக (கிளை வெட்ட) தண்ணீரை நிறுத்தும் நவம்பரில் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நாள் முழுக்கக் கத்தும்.