பக்கிங்காம் கால்வாயில் படகுத் தலைவராக இருந்த முன்னோரைப் பற்றி எங்கே தேடுவது?

உங்கள் முப்பாட்டனார் பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகின் தலைவராக இருந்தார் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்ததாகவும், மயிலாப்பூரில் ரயில் தூண்களுக்கு அடியில் கிடக்கும் சாக்கடையைப் பார்த்த பிறகு அது வீட்டுப் பெருமைக்காகக் கட்டிய கதையோ என்று சந்தேகம் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையாக இருந்தால் அவரைப் பற்றி எங்கே தேடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பாட்டி கதை கட்டவில்லை. என் தாத்தாவும் அதே கால்வாயில் தண்டலாக இருந்தவர்தான். படகை நடத்தி, ஆட்களை வைத்து வேலை வாங்கி, சரக்குக்குப் பொறுப்பேற்றுக்கொள்பவரை எங்கள் பக்கத்தில் தண்டல் என்பார்கள். இதே சந்தேகத்தைப் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் சொந்தக் கல்யாணப் பேச்சிலும் சந்தித்து வந்தவன் என்பதால் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளன் அல்ல. அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டதையும், பிற்பாடு நானாகத் தேடிப் படித்ததையும் மட்டுமே எழுதுகிறேன். சான்று கேட்டுச் சண்டைக்கு வருபவர்கள் இந்த வரியை முதலில் படித்துவிட்டு வரவும்.

நீங்கள் சென்னைக்குள்ளேயே வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கால்வாய் நகரத்துக்குள் இருக்கும் சின்னத் துண்டு மட்டும். ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் தொடங்கி நெல்லூர்க் கரை, பழவேற்காடு, எண்ணூர், சென்னை, முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணம் வரை அது ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம் உடையது. அதில் ஏறத்தாழ 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. வடக்கே கிருஷ்ணை வடிநிலத்துக் கால்வாய்களோடு அது சேர்வதால், மரக்காணத்தில் கட்டு அவிழ்த்த படகு கடலுக்குள் இறங்காமலே காக்கிநாடா வரை போக வழி இருந்தது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கமாக வெட்டத் தொடங்கியதுதான் இதன் முதல் துண்டு. பிறகு அரசு எடுத்துக்கொண்டு இரு பக்கமும் நீட்டியது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் அளவான பகுதி, 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் நாள்கூலி ஒரு கட்டத்தில் ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. என் தாத்தாவின் தாத்தா அங்கே மண் சுமந்தவர் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. காகிதச் சான்று எதுவும் இல்லை. மண் சுமந்தவனின் பெயரை எந்தக் காகிதத்தில் எழுதியிருப்பார்கள்?

இந்தத் தண்ணீரில் படகு ஓடியதற்கு எங்கள் வீட்டுப் பேச்சை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பாவேந்தர் பாரதிதாசன், ஜீவானந்தம் உள்ளிட்ட நண்பர்களோடு 1934இல் ஒரு நிலவு இரவில் இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தைக் கவிதையாகவும் எழுதினார். அன்று அந்தப் படகை நடத்தியவர் யாரோ ஒரு தண்டல்தானே என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இனி, கால்வாயில் படகு விடுவதற்கு என்ன பெரிய தலைமை வேண்டும், அங்கே அலையா திசையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இது எனக்கு எத்தனையோ முறை கிடைத்த கேள்வி. அந்தக் கால்வாய்க்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது. முகத்துவாரங்கள் வழியாகக் கடல் ஏறும்போது தண்ணீர் வரும், வற்றும்போது போகும். சித்திரை வைகாசியில் மணல் தள்ளி முகத்துவாரம் அடைபட்டுவிட்டால், உள்ளே இருக்கிற தண்ணீர் வெயிலில் வற்றி, சரக்கேற்றிய படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். எந்த முகத்துவாரம் எந்த வாரம் திறந்திருக்கிறது, இன்றைய ஏற்றத்துக்கு எத்தனை மூட்டை தாங்கும், நீர்மட்டத்தைச் சமன்செய்து படகை விடும் லாக்குக் கதவுக்கு முன்னால் எந்த நேரத்தில் போய் நின்றால் காத்திருக்காமல் உள்ளே நுழையலாம் என்பதெல்லாம் தண்டலின் மனக்கணக்கு. தாத்தா அஷ்டமி நவமியில் நிறைபாரம் ஏற்றவே மாட்டார். அது சாமி நம்பிக்கை என்றுதான் வியாபாரிகள் நினைத்தார்கள். உண்மையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் நன்றாக இருக்கும். அஷ்டமி நவமிக் காலத்தில் குறைந்துவிடும். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பஞ்சாங்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்வார்.

காற்றையும் அப்படித்தான் வைத்திருந்தார். கோடையில் தெற்கிலிருந்து அடிக்கும் சோழகத்தில் பாய் விரித்தால், மரக்காணத்து உப்பும் சவுக்கு விறகும் சென்னை நோக்கித் தாமாகவே போகும் என்பார். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று. அப்போது தெற்கே திரும்பும் வெறும்படகுக்குப் பாய் உதவும், வடக்கே ஏறுவதற்குக் கழி ஊன்ற வேண்டும், இல்லையென்றால் கரையில் ஆட்கள் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுக்க வேண்டும். நகரத்துக்குள் பாலத்துக்குப் பாலம் பாய்மரத்தைச் சாய்த்து நிமிர்த்துவது தனி வேலை. இவை எல்லாவற்றையும்விட அவர் அஞ்சியது பாலாற்றைத்தான். கால்வாய் அங்கே ஆற்றைக் குறுக்கே கடக்கிறது. வறண்ட காலத்தில் மணல் தட்டும், மழைக்காலத்தில் வெள்ளம் படகைப் பக்கவாட்டில் தள்ளி முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும். கரையில் நின்று வெள்ளத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று தாத்தா சொல்லிவிட்டால், முதலாளியின் கணக்கப்பிள்ளை எவ்வளவு கத்தினாலும் படகு நகராது. பாதி வழியில் தங்கிய நாட்களில் படகின் பின்பக்கம் மண் பரப்பிய இடத்தில் அடுப்பு மூட்டி, கால்வாயிலேயே பிடித்த மடவை மீனில் குழம்பு வைத்துச் சோறு தின்றதை அப்பா எண்பது வயதிலும் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்வார். அப்பா சிறுவனாக இரண்டொரு கோடையில் அந்தப் படகில் போயிருக்கிறார்.

தாத்தாவைப் புகழ்ந்து எழுதி, கயிறு இழுத்த கூலிகளை மறைக்கிறேன் என்று யாராவது கருத்து எழுதக்கூடும். அவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். தாத்தாவே சிறுவயதில் கயிறு இழுத்தவர்தான். அவருடைய இடது தோளில் இருந்த தழும்பைச் சிறுவயதில் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தண்டலான பிறகும் படகு அவருடையது அல்ல. படகு உப்பு மண்டி முதலாளி ஒருவருடையது. நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதிலிருந்துதான் ஆட்களுக்கும் பங்கு. அத்தைமார் கல்யாணத்துக்காக முதலாளியிடம் முன்பணம் வாங்கியதால், வேறு படகுக்குப் போகும் வாய்ப்பு வந்தபோதும் அவரால் போக முடியவில்லை. ஆண்டுதோறும் கலப்பற்றுப் பார்க்க, அதாவது பலகை இடுக்கில் நார் திணித்துக் குங்கிலியம் பூச, படகைக் கரையேற்றும் நாட்களில் கூலியே கிடையாது. அந்த நாட்களில் பாட்டி உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். படகுத் தலைவர் என்று சொல்லும்போது உங்கள் மனத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் வந்தால், அவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நான் பல காலம் தவறாமல் போய் முட்டிக்கொண்ட இடமும் இதுதான். பொதுவாகக் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பூர்வீக ஊரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்க் கோயில், அந்த ஊர்ப் பட்டா, அந்த ஊர்ப் பங்காளி என்று போவார்கள். படகுக் குடும்பங்களுக்கு அந்த முறை பாதிக்குத்தான் உதவும். தாத்தாவின் சொந்த ஊர் மரக்காணத்துக்கு வடக்கே உப்பங்கழிக் கரையில் இருந்தது. அங்கே எங்கள் வம்சத்தைப் பற்றிக் கேட்டால், எப்போதும் வெளியே இருந்த மனிதர் என்பதற்கு மேல் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய மூத்த மகளைக் கேளம்பாக்கத்துப் பக்கம் கொடுத்திருந்தார், இளைய மகளை மயிலாப்பூர்த் தண்ணித்துறையை ஒட்டிக் கொடுத்திருந்தார், தம்பி பழவேற்காட்டில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். சாலை வழியே பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்கள், நீர்வழியே பார்த்தால் படகு இரவு தங்கும் துறைகள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் கால்வாய் ஓரத்திலேயே நடந்திருக்கிறது.

இது எனக்கு விளங்கியது பழவேற்காட்டில். அப்பா இறந்த பிறகு, தம்பி தாத்தாவின் வழியினர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், தெரியவில்லை என்றார்கள். திரும்பும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்த மிக வயதான அம்மா ஒருவர், “உங்க தாத்தா என்ன ஏத்தினாரு, உப்பா கிளிஞ்சலா?” என்று கேட்டார். உப்பு என்றேன். “அப்ப தெக்கத்திப் படகு. நீ இந்தத் தெருவுல கேட்டா எப்படித் தெரியும்?” என்று சொல்லி, வேறொரு தெருவில் ஒரு வீட்டை அடையாளம் காட்டினார். அந்த வீட்டில் தம்பி தாத்தாவின் பேத்தி இருந்தார். என்னைவிட மூத்தவர், முறைக்கு அக்கா. அவர் அரைத் தெலுங்கில் பேசினார். வடகரைப் படகுக் குடும்பங்களுக்கு இரண்டு மொழியும் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் காணாமல் போயிருந்த ஒரு காகிதம் அவரிடம் இருந்தது. அது படகின் உரிமச் சீட்டு. 1890ஆம் ஆண்டின் கால்வாய், படகுத்துறைச் சட்டம் என்று ஒன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் கொடுத்த அந்தச் சீட்டில் படகின் எண்ணும் முதலாளியின் பெயரும் இருந்தன. தாத்தாவின் பெயர் இல்லை. சீட்டின் பின்பக்கம் அவர் வைத்த கைநாட்டு மட்டும் இருந்தது.

ஒரு மனக்குறையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால்வாயைப் பற்றிய பாரம்பரியக் கட்டுரைகளையும் நடைப்பயணங்களையும் இப்போது நிறையப் பார்க்கிறேன். காக்ரேன் வருகிறார், கோமகன் வருகிறார், பொறியாளர்கள் வருகிறார்கள். ஓட்டியவர்கள் வருவதில்லை. அப்படி ஒரு நடையில், நடத்திய அன்பரிடம் தண்டல்களைப் பற்றிக் கேட்டேன். ஆவணம் இல்லை என்றார். ஆவணம் எழுதியவர்கள் முதலாளியின் பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான். 1965, 1966 புயல்களில் கால்வாய் பெரிதும் சேதமானபோதும் அதே கதை. எங்கள் முதலாளி உடைந்த படகை விறகு விலைக்கு விற்றார். ஏதோ கொஞ்சம் நிவாரணம் வந்தபோது படகு யார் பெயரிலோ அவருக்குத்தான் போனது. அவர் லாரி வாங்கினார். தாத்தாவுக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஏற்றம் வற்றம் பார்க்கத் தெரிந்த அந்த மனிதர், கடைசிவரை உப்பளத்தில் காவல் காத்தார். பின்னாளில் பறக்கும் ரயிலுக்காக நகரப் பகுதியில் தூண் நட்டதில், 25 மீட்டர் அகலம் இருந்த கால்வாய் சில இடங்களில் 10 மீட்டராகச் சுருங்கியது. அதே கால்வாயை உள்ளடக்கிய தடத்தை 2008இல் தேசிய நீர்வழி என்றும் அறிவித்தார்கள். ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில்தான் நானும் வேலைக்குப் போய்வந்தேன்.

ஆகவே உங்கள் தேடலை இப்படித் தொடங்குங்கள். ஊரைக் கேட்பதற்கு முன்னால் சரக்கைக் கேளுங்கள். உப்பு, சவுக்கு விறகு என்றால் பெரும்பாலும் தெற்கே மரக்காணம், கடப்பாக்கம், கேளம்பாக்கம். சுண்ணாம்புக் கிளிஞ்சல் என்றால் பழவேற்காட்டுப் பக்கம். உங்கள் பாட்டியின் அத்தைமார், சித்திமார் எங்கெங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்று எழுதி, அந்த ஊர்களைக் கால்வாய் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் விழுந்தால் நீங்கள் சரியான தடத்தில் இருக்கிறீர்கள். பத்திரங்களில் உங்கள் முப்பாட்டனாரின் பெயரைத் தேடி ஏமாறாமல், அவர் யாருடைய படகை நடத்தினாரோ அந்த முதலாளி குடும்பத்தின் பெயரைத் தேடுங்கள். கடன் பத்திரங்களில் சாட்சியாகத் தண்டல்களின் கைநாட்டு அகப்படலாம். பழைய தகரப் பெட்டிகளை யாராவது எடைக்குப் போடுவதற்குள் கேட்டுவிடுவது நல்லது.

பாட்டி சொன்னதில் சரக்கின் பெயரோ, முதலாளியின் பெயரோ, பெண் கொடுத்த ஊரோ ஏதாவது நினைவில் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தெற்குப் பக்கம் என்றால் எங்கள் அத்தை வீட்டாரிடமும், வடக்கு என்றால் பழவேற்காட்டு அக்காவிடமும் கேட்டுச் சொல்கிறேன்.